ஒரு மாதமாக விடாத ஜலதோஷம்

குளிர் விட்டு வெயில் தலைகாட்டும் வாரங்களில் என் கிளினிக்கில் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான். "டாக்டர், சளி பிடிச்சது பிடிச்சபடியே இருக்கு." கூடவே ஒரு பையும் வரும். பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள், போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக், உறவினர் யாரோ சொல்லி வாங்கிய மூக்குச் சொட்டு மருந்து எல்லாம் அதில் இருக்கும். மருந்துக்குக் குறைவே இல்லை, மூக்கு மட்டும் நிற்கவில்லை.

வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷம் ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் 10 நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். பள்ளிக்குப் போகும் சிறு குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை ஜலதோஷம் வருவது இயல்புதான். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொற்றிக்கொள்வதால் ஓயாத சளி போலத் தோன்றும். ஆனால் கவனித்துப் பார்த்தால் நடுவில் நன்றாக இருக்கும் நாட்கள் சில இருக்கும். அந்த இடைவெளியே இல்லை, காய்ச்சலும் இல்லை, மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, போன வருடமும் இதே சமயத்தில் இப்படித்தான் இருந்தது என்றால் நான் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

"அரிக்கிறதா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. மூக்கு, கண், வாயின் மேல் அண்ணம், சிலருக்குக் காதுக்குள்ளேகூட அரிக்கும். ஜலதோஷத்தில் இப்படி அரிப்பது குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது, ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். உள்ளங்கையை மூக்கின் நுனியில் வைத்து மேல்நோக்கி ஒரு தேய்ப்பு. சிறிது நேரத்தில் மறுபடியும். மாதக்கணக்கில் இப்படித் தேய்த்த பிள்ளைகளின் மூக்கு நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருநிழல் இருக்கும், வாய் லேசாகத் திறந்தபடி இருக்கும். "ராத்திரி சரியா தூங்கறதில்லை, அதான் கண்ணு கருத்திருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். தூக்கம் கெடுவது உண்மைதான், அதைக் கெடுப்பதும் இந்த மூக்கடைப்புதான். வகுப்பில் கவனம் சிதறுகிறது, எரிந்து விழுகிறான் என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு மூக்கைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க மூக்கில் மட்டும், அதுவும் நாற்றத்தோடு ஒழுகினால் அது ஒவ்வாமை இல்லை. மணி, ஸ்பாஞ்சுத் துண்டு, அழிப்பான் துணுக்கு என்று குழந்தை எதையாவது உள்ளே செருகியிருக்கும். வீட்டில் கிளற வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். பொத்தான் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கிளம்புங்கள். அது சில மணி நேரத்திலேயே உள்ளே திசுவை அரித்துவிடும்.

சரி, இந்தப் பருவத்தில் மட்டும் ஏன்? பல மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடுகின்றன. அவை காற்றை நம்பி மகரந்தத்தை விடுபவை. பூச்சியை அழைக்கத் தேவையில்லாததால் அந்தப் பூக்களுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நம் கண்ணிலும் படுவதில்லை. ஆல்டர், ஹேசல், பிர்ச் போன்ற மரங்கள் இந்த வகை. புல்லின் மகரந்தம் பின்னால், கோடையை ஒட்டி வரும். பளிச்சென்ற பூச்செடிகளின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, பூச்சிகளின் உடலில் ஏறிப் போகும், காற்றில் அதிகம் பறக்காது. ஆனாலும் பழி பால்கனியில் இருக்கும் தொட்டிச் செடி மீதுதான் விழுகிறது. சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கில மருத்துவர் தனக்கே இந்தத் தொல்லை இருந்ததால் தன் மூக்கிலும் கண்ணிலும் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, காரணம் அதுதான் என்று 1873-ல் எழுதினார். அதற்கு முன்பு வெயில், வெப்பம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மகரந்த ஒவ்வாமை அபூர்வம். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழக ஒன்றிரண்டு பருவங்களாவது வேண்டும். கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் வேறு காரணம் தேடுங்கள்.

வெளியே இருப்பதை நாம் நிறுத்த முடியாது. வீட்டுக்குள் நாமே செய்துகொள்வதுதான் எனக்கு ஆதங்கம். குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருப்போம். வெயில் வந்த முதல் விடுமுறை நாளில் எல்லா ஜன்னலையும் திறந்து, மெத்தையைத் தட்டி, திரையை உதறி, பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி ஒரே மூச்சில் சுத்தம் செய்வோம். அன்று மாலை வீட்டில் ஒருவர் தும்மித் தும்மிச் சோர்ந்துபோவார். வெளியிலிருந்து மகரந்தம் உள்ளே வருகிறது, உள்ளே படிந்திருந்த தூசு எழும்புகிறது. இரண்டும் ஒரே நாளில்.

அந்தத் தூசில் இருப்பது வெறும் மண் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கின்றன. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றுக்கு உணவு. நீளம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். கடிக்காது. அவற்றின் கழிவில் உள்ள புரதம்தான் பிரச்சினை. மெத்தையை உதறினால் அது காற்றில் ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் படிந்துவிடும். அந்த அரை மணி நேரம் மூச்சிரைப்பு உள்ள பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது. பூனை வளர்க்கும் வீட்டில் கதை வேறு. பூனையின் ஒவ்வாமைப் பொருள் மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும்.

வெயிலில் காயப்போட்டால் உண்ணிகள் சாகும் என்பது ஓரளவு உண்மை, ஈரப்பதம் இல்லாமல் அவற்றால் வாழ முடியாது. ஆனால் செத்த உண்ணியும் கழிவும் துணியிலேயேதான் இருக்கும், துவைத்தால்தான் போகும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைப்பது நல்லது. அந்தச் சூட்டைத் தாங்காத பொம்மைகளுக்கு ஒரு வழி உண்டு. குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் அந்த ஒரு கரடியை ஒரு பையில் போட்டு முடிச்சிட்டு ஃப்ரீசரில் ஒரு முழு நாள் வையுங்கள். பிறகு எடுத்துச் சாதாரணமாகத் துவைத்து, உள்ளே ஈரம் இல்லாமல் நன்றாகக் காயவையுங்கள். பெற்றோர்கள் சிரிப்பார்கள், ஆனால் பொம்மையைப் பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சுத்தம் செய்வதை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஒவ்வாமை உள்ளவர் அன்று வெளியே போகட்டும், முடியாவிட்டால் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். பழைய வேக்குவம் கிளீனர்கள் முன்னால் உறிஞ்சிய நுண்தூசைப் பின்னால் துப்பிவிடும். நுண்தூசைப் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள கிளீனர் இருந்தால் பயன்படுத்துங்கள்.

குளியலறைக்கு வரும்போது இன்னொரு ஆபத்து. பிளீச்சையும் கழிப்பறை ஆசிடையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் வெள்ளையாகும் என்று நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் வரும். சிறிய, காற்றோட்டமில்லாத அறையில் இது நுரையீரலையே தாக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு உயிராபத்துகூட. நெடி ஏறித் தொண்டை எரிந்தால் அதைக் கழுவிவிடலாம் என்று உள்ளேயே நிற்காதீர்கள், உடனே வெளியே வாருங்கள். மிச்சத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

ஜன்னலைத் திறக்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. வறண்டு, காற்று பலமாக வீசும் நாளில் மகரந்தம் அதிகம். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு குறைவு. ஆனால் இடியோடு வரும் மழை வேறு மாதிரி. ஈரத்தில் மகரந்தம் உடைந்து, நுரையீரல் வரை போகும் அளவுக்கு நுண்துகள்களாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் நகரில் இப்படி ஒரு புயலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அது அங்கே வசந்தத்தின் கடைசி மாதம், புல் மகரந்தத்தின் காலம். தும்மல் மட்டும்தான், ஆஸ்துமா இல்லை என்று இருந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு. ஆகவே இடி இடித்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மற்றபடி, வெளியே விளையாடிவிட்டு வந்ததும் உடை மாற்றுவதும், படுக்கும் முன் தலைக்குக் குளிப்பதும் எளிய வேலைகள், பலன் உண்டு. தலைமுடியில் வந்த மகரந்தம் தலையணையில் இறங்கினால் இரவு முழுக்க அதில்தான் முகம் புதைந்திருக்கும்.

மருந்துக்கு வருவோம். ஒவ்வாமைக்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. சளி மஞ்சளாக, பச்சையாக இருக்கிறது என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தும்மலை நிறுத்தும், ஆனால் தூக்கம் வரும். அதைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டுவதும், பிள்ளைக்குக் கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்புவதும் தவறு. செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் வகையில் தூக்கம் குறைவு, செட்டிரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் அசத்தும். மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் தொடர வேண்டாம். அதற்கு மேல் போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், அடைப்புக்காக மறுபடியும் அதே மருந்தைப் போடுவீர்கள். வருடக்கணக்கில் அந்தச் சின்ன பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்ப முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடர்ந்து அடைப்பு இருப்பவர்களுக்கு நல்ல பலன் தருவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. பெயரைக் கேட்டதும் முகம் மாறும். மருந்தின் அளவு மிகச் சிறியது, வேலை செய்வது மூக்கின் உள்தோலில். பிள்ளைகளுக்கு நீண்ட நாள் தர வேண்டியிருந்தால் வயதுக்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்து உயரத்தையும் கவனித்து வருவோம். "நாலு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்பதுதான் வழக்கமான புகார். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம். வருடாவருடம் வருகிறது என்று தெரிந்தவர்கள் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பிப்பது அதனால்தான். அடிக்கும் விதமும் முக்கியம். தலையை அண்ணாந்து அடிக்கக் கூடாது, லேசாகக் குனிந்திருக்க வேண்டும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. ஸ்ப்ரேயின் நுனி, இரண்டு மூக்குத் துளைகளுக்கும் இடையே உள்ள நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்ச வேண்டாம். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து மூக்கில் தங்கவில்லை என்று அர்த்தம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லதுதான், ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடிகட்டிய நீர் மட்டும். குழாய்த் தண்ணீர் நேரடியாகக் கூடாது, அபூர்வமாக அமீபா மூளையைத் தாக்கும் அபாயம் உண்டு. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கவைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்த தொடையோடு வரும் பிள்ளைகளுக்கு மூக்கடைப்பு ஒரு பொருட்டே அல்ல.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். இரவில் அல்லது ஓடியாடினால் இருமல், மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் இருந்தால் ஆஸ்துமாவைச் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே இன்ஹேலர் இருப்பவர்கள் அதன் காலாவதித் தேதியை இப்போதே பாருங்கள். முழு வாக்கியம் பேச முடியாமல் திணறல், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழிவிழுதல், உதடு நீலமாதல், இன்ஹேலருக்கும் அடங்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்போதே அவசரப் பிரிவு, காலைவரை காத்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்கும் என்று நீளமான பட்டியலோடு வருபவர்களும் அதிகமாகிவிட்டார்கள். பரிசோதனையில் பாசிட்டிவ் என்பதாலேயே அதற்கு ஒவ்வாமை என்று சொல்லிவிட முடியாது. தொல்லையே தராத பல பொருட்களுக்கும் பாசிட்டிவ் வரும், அதை நம்பி வளரும் பிள்ளையின் சாப்பாட்டை வெட்டிவிடுகிறார்கள். எந்த மாதம், எந்த அறையில், எந்த வேலை செய்யும்போது தும்மல் வருகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அதை வைத்து எதைச் சோதிக்கலாம் என்று முடிவு செய்வோம். இரவில் பிள்ளை மூச்சுவிடும் விதம் கவலையாக இருந்தால் சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரிய ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வாருங்கள். பகலில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளை பெரும்பாலும் நன்றாகத்தான் மூச்சுவிடும்.