கீழ கெடந்து எடுத்த போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணாதீங்க

பஸ் சீட்லயோ டீக்கடை பெஞ்சுலயோ லாக் ஆன போன் ஒண்ணு கிடைச்சா, நல்ல மனசுக்காரங்க கூட ரெண்டு வேலை பாப்பாங்க. சார்ஜ் தீந்துடக் கூடாதேன்னு ஆஃப் பண்ணி வைக்கிறது, இல்லன்னா 1234, 0000ன்னு அடிச்சுப் பாக்குறது. ரெண்டுமே தொலைச்சவருக்குக் கெடுதல்தான்.

இப்ப வர்ற போன்ல போட்டோ, மெசேஜ், கான்டாக்ட் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி மாத்தித்தான், மெமரில கெடக்கு. அதைத் திறக்குற சாவி ரெடியா எங்கயும் எழுதி வச்சிருக்காது, ஓனர் போடுற பின் நம்பரும் சிப்பு தயாரிக்கும்போதே உள்ள பதிஞ்ச ஒரு ரகசிய எண்ணும் சேந்தாத்தான் அந்தச் சாவியே உருவாகும், அதனால மெமரியை மட்டும் கழட்டி வேற எதுல மாட்டினாலும் ஒண்ணும் படிக்க முடியாது. ஐபோன்ல ஒரு பின்னை சரிபாக்க சுமார் 80 மில்லிசெகண்ட் ஆகுற மாதிரி வேணும்னேதான் வச்சிருக்காங்க. ஆறு டிஜிட்னா 10 லட்சம் வாய்ப்பு, அப்பவும் 22 மணி நேரத்துல எல்லாத்தையும் போட்டுப் பாத்துரலாம், அதான் தப்பாப் போடப் போட காத்திருக்கற நேரம் கூடிக்கிட்டே போகும், ஓனர் செட்டிங்ல வச்சிருந்தா பத்தாவது தப்புல மொத்தமும் அழிஞ்சிரும். 2016ல அமெரிக்காவோட சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூடு வழக்குல அந்த நாட்டு மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே ஒரு ஐபோன் 5சி-ஐத் திறக்க முடியாம கோர்ட்டுக்குப் போச்சுன்னா பாத்துக்கோங்க.

சரி, ஏன் ஆஃப் பண்ணக்கூடாது? ஆன் பண்ணி ஒரு தடவை பின் போட்டுட்டா சில சாவிகள் போன் உள்ளயே நிக்கும், ஸ்கிரீன் லாக் ஆனாலும் போகாது. அதனாலதான் லாக்ல இருக்கும்போதும் கால் வந்தா "அம்மா"ன்னு பேர் காட்டுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்கன்னா அந்தச் சாவி எல்லாம் போயிடும், அதே அம்மா கூப்பிட்டாலும் வெறும் நம்பர்தான் தெரியும், ஐபோன்னா வைஃபை கூட தானா கனெக்ட் ஆகாது, சிம்முக்கு தனியா பின் போட்டிருந்தா கால் உள்ளயே வராது. தொலைச்சவர் பதறிப்போய் அடிச்சிக்கிட்டே இருப்பாரு, உங்க கையில இருக்குற போன் சும்மா கெடக்கும்.

அதனால சார்ஜ் போடுங்க, சவுண்டை ஏத்தி வைங்க, சிம்மைக் கழட்டாதீங்க, கால் வந்தா எடுங்க. லாக் ஸ்கிரீன்ல எமர்ஜென்சின்னு இருக்குறதைத் தொட்டுப் பாருங்க, அவசரத்துக்குக் கூப்பிடணும்னு ஓனர் யார் நம்பரையாவது பதிஞ்சு வச்சிருந்தா பின் இல்லாமலே அவங்களுக்குப் பேசலாம். ஓனர் வேற போன்லேர்ந்து அனுப்புற மெசேஜும் ஸ்கிரீன்ல வரலாம், அப்பப்ப பாருங்க.

கடையில குடுத்து ரீசெட் பண்ணி வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 2013லேர்ந்து ஐபோன்லயும் அதுக்கப்புறம் ஆண்ட்ராய்டுலயும் ரீசெட்டுக்குப் பிறகும் பழைய அக்கவுண்டைத்தான் கேக்கும். ஓனர் மத்திய அரசோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல புகார் குடுத்தா, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற 15 டிஜிட் ஐஎம்இஐ நம்பரையே பிளாக் பண்ணிருவாங்க, வேற சிம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

ஒரு நாள் பாத்தும் யாரும் கூப்பிடலன்னா பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்து எழுதி வாங்கிக்கோங்க. யாராவது கூப்பிட்டு என்னுதுன்னு வந்தா, ஆள் நடமாட்டம் இருக்குற இடத்துக்கு வரச் சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடியே பின் போட்டுத் திறந்து காட்டுனதுக்கு அப்புறம் குடுங்க.