மொழிமாறல்: 'கோட் சுவிச்சிங்' என்பதற்கு நல்ல தமிழ் எது?

ஒரே பேச்சுக்குள் ஒருவர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும் திரும்பி வருவதையும் மொழியியலில் 'கோட் சுவிச்சிங்' என்பார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலடி ஐஸ்கிறீம் கடைகளில் இதைத் தாராளமாகக் கேட்கலாம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை, "அம்மம்மா, ஐஸ்கிறீம் மெல்ட் ஆகுது, குயிக்கா சாப்பிடுங்கோ" என்று சொல்லும். பக்கத்து மேசையில் யாராவது, "பாவம், தமிழும் ஒழுங்கா வரேல்லை, இங்கிலீசும் வரேல்லை" என்பார்கள்.

அந்த வசனத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'மெல்ட்' என்ற ஆங்கில வினை தமிழ்க் கால இடைநிலையை நேரடியாக ஏற்கவில்லை. 'ஆகுது' என்ற துணைவினையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. 'மெல்ட்கிறது' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 'குயிக்' தமிழின் '-ஆக' விகுதியை ஏற்று வினையடையாகிவிட்டது. இரண்டு வாக்கியங்களிலும் வினை கடைசியில்தான் நிற்கிறது. ஆங்கில ஏவலில் இல்லாத மரியாதை 'சாப்பிடுங்கோ'வில் அப்படியே இருக்கிறது. தமிழ் வராத பிள்ளையால் இது முடியுமா? ஆங்கிலச் சொற்கள் வந்திருந்தாலும் வசனத்தின் எலும்பெல்லாம் தமிழ்தான்.

'கோட்' என்பதன் வேர் இலத்தீன். 'கோடெக்ஸ்' என்றால் முதலில் மரத்தண்டு. பிறகு மெழுகு பூசி எழுதும் மரப்பலகைகள், அதன்பின் நூல், அதிலிருந்து சட்டத்தொகுப்பு என்று பொருள் நகர்ந்தது. தந்தி, சங்கேதம் எல்லாம் வந்தபோது 'குறியீட்டு முறை' என்ற பொருளும் சேர்ந்தது. 1940களின் இறுதியில் தகவல்தொடர்புப் பொறியியல் வளர, மொழியையும் ஒரு 'கோட்' ஆகப் பார்க்கும் பழக்கம் மொழியியலாளரிடம் வந்துவிட்டது. இரு சொல்லும் சேர்ந்து மொழியியலில் முதலில் வந்த இடமாக வழக்கமாகக் காட்டப்படுவது, நோர்வே நாட்டு மொழியியலாளர் ஹான்ஸ் வோக்ட் 1954இல் எழுதிய ஒரு மதிப்புரை. அவர் மதிப்பிட்டது உரியல் வைன்ரைக் 1953இல் வெளியிட்ட, மொழித்தொடர்பு பற்றிய நூலை.

அந்த வைன்ரைக்கின் கருத்து ஒன்று நெடுங்காலம் நிலைத்தது. நல்ல இருமொழியாளர் சூழல் மாறும்போது மொழி மாறுவார், ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் மாறமாட்டார் என்றார் அவர். ஐஸ்கிறீம் கடைத் தீர்ப்பின் கல்விப் பதிப்பு என்றே இதைச் சொல்லலாம். இதைப் புரட்டிப்போட்டவர் ஷானா பொப்லக் என்ற மொழியியலாளர். நியூயோர்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிய-ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்து 1980இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, வாக்கியத்துக்குள் அதிகம் மாறியவர்கள் இரு மொழியிலும் தேர்ந்தவர்கள். இரண்டு இலக்கணமும் உடையாத இடம் பார்த்துத்தான் அவர்கள் மாறினார்கள்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கதைதான். இரு மொழி கேட்டு வளரும் குழந்தையின் மனதில் தொடக்கத்தில் ஒரே கலவை அமைப்புத்தான் இருக்கும் என்று 1978இல் வொல்ட்டெராவும் தெஷ்னரும் எழுதினார்கள். பிரெட் ஜெனிசி 1989இல் அதை மறுத்தார். குழந்தை கலந்து பேசுவது, மொழிகளைப் பிரித்தறியத் தெரியவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பது அவர் வாதம். இரண்டு வயதளவிலேயே பிள்ளைகள் தாயோடு ஒரு மொழியும் தகப்பனோடு ஒரு மொழியும் கூடுதலாகப் பேசுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. "ரெண்டு பாஷை கதைச்சால் பிள்ளை குழம்பிப்போகும்" என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோருக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். தமிழை நிறுத்துவதால் ஆங்கிலம் கூடிவிடாது. அம்மம்மாவோடு கதைக்க ஒரு மொழி இல்லாமல் போவதுதான் மிச்சம்.

சரி, மாறுவதால் என்ன பயன்? இங்கேதான் செயற்பாட்டு இலக்கணம் கைகொடுக்கிறது. ஆங்கில இலக்கணத்தை இந்த வழியில் விரித்து எழுதியவர் மொழியியலாளர் ஹலிடே. 1985இல் வந்த அவருடைய செயற்பாட்டு இலக்கண நூலில், இலக்கணம் என்பது பொருள் உண்டாக்கக் கிடைக்கும் தெரிவுகளின் தொகுதி. எது சரி, எது பிழை என்று முதலில் கேட்காமல், பேசுபவர் ஏன் இதைத் தெரிந்தார், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்கவேண்டும். எதைப்பற்றிய பேச்சு, யாரோடு, எந்த வழியில் என்ற மூன்றும் அந்தத் தெரிவைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கே கொண்டுபோனவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா. இங்கத்தைய ஆங்கில வகுப்புகளில் மொழி மாறுவது என்னென்ன வேலை செய்கிறது என்று 1995இல் எழுதினார். வகுப்பை நடத்துவது, பாடத்தை விளங்கப்படுத்துவது என இரண்டு பெரிய வேலைகளை அவர் காட்டினார். எந்த ரியூசன் கொட்டிலிலும் இதைக் கேட்கலாம். "ஓப்பின் யுவர் புக்ஸ்" என்று தொடங்கும் ரீச்சர், பின்வாங்கில் சத்தம் கேட்டதும் "தம்பி, என்னப்பு அங்கை கதை?" என்பார். பாடம் ஆங்கிலத்தில், உரிமை தமிழில். அந்த 'அப்பு'வை ஆங்கிலத்தில் சொல்ல வழியே இல்லை.

கடன்சொல் இதிலிருந்து வேறு. கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. "கதிரையிலை இரு" என்னும்போது யாரும் மொழி மாறவில்லை. 'ரிக்கற்', 'ரீச்சர்' என்பவையும் யாழ்ப்பாண ஒலிக்குள் வந்து குடியேறிவிட்டன. ஆங்கிலமே தெரியாதவரும் பஸ்ஸில் ரிக்கற் எடுக்கிறார்.

இனித் தமிழ்ச்சொல். 'மொழிக்கலப்பு' பலரும் எழுதுவது. ஆனால் 'கலப்பு' என்றதும் கலப்படம்தான் நினைவுக்கு வரும், குற்றம் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குகிறோம். 'தமிங்கிலம்' வசைச்சொல்லாகவே பிறந்தது. 'குறிமாற்றம்' ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது, கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'மொழிமாற்றம்' நன்றாக இருந்திருக்கும், ஆனால் மொழிமாற்றுப் படம், மொழிபெயர்ப்பு என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. 'மொழித்தாவல்' என்றால் கட்சித்தாவல் வந்து நிற்கும்.

ஆகவே 'மொழிமாறல்' என்பதே என் தெரிவு. 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. மொழிபெயர்ப்பவர் ஒரு பிரதியின் மொழியை மாற்றுகிறார், பேசுபவர் தானே மாறுகிறார். 'மாறல்' என்ற தொழிற்பெயரில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். வினையாகவும் இயல்பாக ஓடும்: "ரீச்சர் எந்த இடத்தில் மொழி மாறினார்?" என்று கேட்கலாம். ஐஸ்கிறீம் வசனத்தில் நடந்ததை 'வாக்கிய உள்மாறல்' என்றும், ஒரு வாக்கியம் முடித்து அடுத்ததை வேறு மொழியில் தொடங்குவதை 'வாக்கிய இடைமாறல்' என்றும் பிரிக்கலாம். 'மொழிக்கலப்பு' என்பதை, இரு மொழி நெடுங்காலம் கலந்து புதிய மொழியே பிறக்கும் நிலைக்கு ஒதுக்கி வைக்கலாம்.