தடுப்பூசித் தெளிவு

தடுப்பூசி பற்றிய செய்தியைப் புரிந்து, எடைபோட்டுப் பயன்படுத்தும் திறனை ஆங்கிலத்தில் 'வாக்சின் லிட்டரசி' என்கிறார்கள். அந்தத் தொடரைத் தமிழாக்கப் போனால் 'தடுப்பூசி எழுத்தறிவு' என்று எழுதத்தான் கை போகும். அது எனக்கு ஒப்பாது.

லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. 1796இல் ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பெரியம்மையைத் தடுப்பதற்காக, பால் கறக்கும் பெண்ணின் கையில் வந்திருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, எட்டு வயதுச் சிறுவனின் கையைக் கீறி ஏற்றினார். 'வாக்சின்' என்ற சொல் அந்தப் பசுவிலிருந்து வந்தது. பிற நோய்களின் தடுப்பு மருந்துக்கும் அதே பெயர் வழங்கட்டும் என்று 1881இல் லூயி பாஸ்டர், ஜென்னரைப் பெருமைப்படுத்தும் விதமாக முன்மொழிந்தார். தமிழில் முன்பு 'அம்மை குத்துதல்' என்றார்கள். இப்போது 'தடுப்பூசி' நிலைத்துவிட்டது. ஊசியே இல்லாத போலியோ சொட்டு மருந்தும் இந்த வகைதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் 'லிட்டரசி'யில்தான். அதன் வேர் 'லிட்டெரா', அதாவது எழுத்து. ஆனால் நலவாழ்வுத் துறையில் இந்தச் சொல் எழுத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பொதுநல ஆய்வாளர் டான் நட்பீம் 2000இல் நலவாழ்வு 'லிட்டரசி'யை மூன்று படிகளாகப் பிரித்தார்: படித்துப் புரிந்துகொள்வது, பிறரிடம் கேட்டுப் பேசி அறிந்ததைப் பயன்படுத்துவது, வந்த செய்தியை எடைபோடுவது. சமூக ஊடகத்தில் நம்மைக் காப்பாற்றுவது மூன்றாவது படி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 18 பேருக்கும் போடாதவர்களில் 10 பேருக்கும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'நோயாளிகள் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்களாம்!' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். எண்ணில் பொய்யில்லை. ஆனால் போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும், போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் நோய் வந்திருக்கிறது. அந்தச் செய்தியைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்த பட்டதாரியும் அதை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடலாம். அவரிடம் எழுத்தறிவுக்கு என்ன குறை?

அதனால்தான் 'தெளிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கலங்கிய நீர் அடங்கினால் தெளிகிறது, மயக்கமும் தெளிகிறது. பழந்தமிழில் 'தெளிதல்' என்பதற்கு நம்புதல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்': ஒருவரை ஆராய்ந்து பார்த்து, பிறகு நம்புவது. ஆராய்ச்சியும் நம்பிக்கையும் ஒரே வேரில் இப்படி அமைவது அரிது. 'லிட்டரசி'க்குள் நம்பிக்கை என்ற பொருளே கிடையாது. தடுப்பூசி விஷயத்திலோ, அறிவு கூடியும் நம்பிக்கை வராமல் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எதையும் கேட்காமல் கையை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் குறைவது தெளிவு.

எழுதும்போது இப்படிப் பயன்படுத்தலாம்: 'மருத்துவரிடம் பக்கவிளைவு பற்றிக் கேட்டு, தடுப்பூசித் தெளிவு பெற்ற பிறகே குழந்தைக்குப் போட்டோம்.'