கையை எடுத்த பிறகும் கேமில் ஆள் ஏன் நடக்கிறான்?

கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து 'க' விசையை அழுத்தியபடியே இருங்கள். ஒரு க விழும், ஒரு கணம் நிற்கும், அப்புறம்தான் கககக என்று ஓடும். எழுதுவதற்கு இது வசதிதான், ஆனால் விசை அழுத்தப்பட்டது என்று இப்படித் திரும்பத் திரும்ப வரும் செய்திகளை நம்பி கேமில் ஆளை நகர்த்தினால் அவனும் ஓர் அடி வைத்து, நின்று, பிறகுதான் ஓடுவான். அதனால் கேம் நிரல் விசைகளுக்கென்று தனியாக ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது: அழுத்தினால் 1, விட்டால் 0, நடுவில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வதில்லை. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முறை திரையை வரைந்து, ஓடும் கேம் சுமார் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்த அட்டவணையைப் பார்க்கும். குதிப்பதற்கு மட்டும் போன ஃபிரேமில் 0, இந்த ஃபிரேமில் 1 என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் விசையை விடும்வரை தவளை மாதிரி குதித்துக்கொண்டே இருப்பான்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஓடும்போதே ஆல்ட்-டேப் அடித்து வேறு ஜன்னலுக்குப் போனால், விரலை எடுத்த செய்தி கேமுக்கு வராமலே போகலாம். அட்டவணையில் 1 அப்படியே நிற்கும், திரும்பி வந்து பார்த்தால் ஆள் சுவரில் முட்டிக்கொண்டிருப்பான். கேம் ஜன்னல் பின்னால் போனதுமே எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட வேண்டும்.

கேம்பேட் ஸ்டிக்கின் கதை வேறு. கேம்பேடைப் படிக்க விண்டோஸ் தரும் எக்ஸ்இன்புட் என்ற வசதியில் ஒவ்வோர் அச்சுக்கும் (எக்ஸ் இடவலம், ஒய் மேல்கீழ்) -32768 முதல் 32767 வரை ஓர் எண் வரும். கையை எடுத்தால் ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும், ஆனால் சரியாக 0-வில் நிற்காது. 900, -1400 என்று எங்கேயாவது நிற்கும், தேயத் தேய இன்னும் விலகும். நடுவில் ஒரு வட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் இதற்கு வழி, இதை டெட்ஸோன் என்பார்கள். இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு 7849.

சரி, எக்ஸ், ஒய் இரண்டையும் அளவுக்குக் கீழே இருந்தால் 0 என்று தனித்தனியாக வெட்டினால் போதாதா? போதாது. ஸ்டிக்கை லேசாகச் சாய்வாகத் தள்ளினாலும் ஆள் நேர்கோட்டில்தான் போவான், ஏனென்றால் சின்ன எண் 0 ஆகிவிட்டது. பித்தாகரஸ் தேற்றப்படி நடுவிலிருந்து மொத்த தூரத்தைக் கணக்கிட்டு, அதை வைத்து வெட்டுங்கள். வெட்டியதோடு விட்டாலும் தப்பு: வட்டத்தைத் தாண்டிய நொடியே வேகம் 0-விலிருந்து 24 சதவீதத்துக்குத் தாவும், பூனை நடை நடக்கவே முடியாது. தூரத்திலிருந்து 7849-ஐக் கழித்து, மீதியை 24918-ஆல் (32767-இல் 7849 போக மிச்சம்) வகுத்து, 1-ஐத் தாண்டினால் 1 என்றே வைத்துக்கொண்டால் வேகம் 0-விலிருந்து மெதுவாக ஏறும்.