ஓடுபாதையைத் திரும்பிப் பார்க்காதீர்கள்

விமானப் பயிற்சிச் சிமுலேட்டரில் மாணவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் எதிர்பாராத நேரத்தில் என்ஜினை நிறுத்துவது என் வேலையில் ஒரு பகுதி. நிறுத்தியதும் பலருடைய கை ஒரே காரியத்தைத்தான் செய்கிறது. தரை நெருங்குகிறதே என்ற பயத்தில், விமானத்தின் ஸ்டீயரிங் போன்ற யோக்கைத் தன் பக்கம் இழுக்கிறது.

செஸ்னா 172எஸ் என்ற சிறிய ஒற்றை என்ஜின் விமானம் 74 நாட் வேகத்தில் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். என்ஜின் நின்ற கணமே வேகம் கரையத் தொடங்கிவிடும். அப்போதும் மூக்கைத் தூக்கினால் இறக்கைகளின் தூக்குவிசை குலைந்து விமானம் ஸ்டால் ஆகும். மூக்கைத் தாழ்த்தி, என்ஜின் இல்லாமல் அதிக தூரம் சறுக்கும் வேகமான 68 நாட் வேகத்தைப் பிடித்துவிட்டால், காற்றில்லாத நாளில் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல் தூரம் போகலாம். உயரம் இருந்தால் மட்டுமே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க நேரம் கிடைக்கும். தரையருகே உள்ள எரிபொருள் செலக்டர் (தொட்டியைத் தேர்வது), எரிபொருளை அடைக்கும் ஷட்ஆஃப் வால்வு, பிறகு துணை எரிபொருள் பம்ப், எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர், கடைசியில் இக்னிஷன் என்று கை வரிசையாகப் போக வேண்டும். மேலேறிய 500 அடியில் நின்றுபோனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

அந்த 500 அடியில்தான் பெரிய ஆசை வருகிறது: இப்போதுதானே கிளம்பினோம், ஓடுபாதை பின்னாலேயே இருக்கிறதே! 180 பாகை திரும்பினால் போதும் என்று மனம் கணக்குப் போடுகிறது. போதாது. அப்படித் திரும்பிய விமானம் ஓடுபாதைக்கு இணையாக, பக்கத்தில் தள்ளிப் பறக்கும். நேர்கோட்டுக்கு வர இன்னும் வளைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். 45 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் வளைத்தால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும் வேகம், ஏறத்தாழ 19 சதவீதம் கூடிவிடும். எதிர்காற்றில் கிளம்பியவருக்கு இறங்கும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.

அதனால் நான் சொல்லித்தருவது, முன்னால் இடமும் வலமும் சுமார் 30 பாகைக்குள் தெரியும் இடத்தில், காற்றை எதிர்த்து, கட்டுப்பாடு கைவிடாத குறைந்த வேகத்தில் இறங்குவது. வேலியில் மோதினாலும் பரவாயில்லை. 70 நாட் வேகத்தில் மோதும் விமானத்தின் ஆற்றல், 50 நாட் வேகத்தில் மோதுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சிமுலேட்டரில் எல்லாம் எளிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் என்ஜின் நிற்கப்போவது நமக்கு முன்பே தெரியும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் காட்டு வாத்துக்கள் மோதி, ஏர்பஸ் ஏ320 ஒன்றின் இரண்டு என்ஜின்களும் உந்துவிசை இழந்தன. கேப்டன் சல்லென்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பின்னர் புலனாய்வுக்காகச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தபோது, மோதிய உடனே திரும்பிய சில முயற்சிகள் விமான நிலையத்தை எட்டின. நிலைமையைப் புரிந்துகொள்ள 35 விநாடி சேர்த்துக்கொண்டு ஓட்டியபோது எட்டவில்லை. என்ஜினை நிறுத்தப்போவதை நான் எந்த மாணவரிடமும் முன்கூட்டிச் சொல்லாததன் காரணம் அந்த 35 விநாடிதான்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பயிற்சி செய்பவர்கள், இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பட்டனைத் தொடாதீர்கள். என்ஜினை நிறுத்தும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது தற்செயல் கோளாறு வசதியைப் போடுங்கள். திரையில் பச்சையாகத் தெரியும் வயலில் மின்கம்பி இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, என்ஜினை நிறுத்தாமல் அதன் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மட்டும் குறைத்துப் பழகினால், காற்றில் சுழலும் செத்த என்ஜின் இன்னும் வேகமாக இறக்கிவிடும் என்பது தெரியாமலே போகும்.

சமீபத்தில் ஒரு மாணவர் 500 அடியில் திரும்பி, ஓடுபாதைக்குச் சற்று முன்பே தரையில் மோதினார். "ரீசெட் பண்ணுங்க சார்" என்றார். பண்ணவில்லை, வேறு பாடத்துக்குப் போனோம். நாற்பது நிமிடம் கழித்து, அவர் அதை மறந்திருந்தபோது மறுபடி நிறுத்தினேன். மூக்கைத் தாழ்த்தினார், நேரே வயலில் இறக்கினார். தீப்பிடிக்காமல் இருக்க எரிபொருளை மூட மட்டும் மறந்துவிட்டார். அது அடுத்த வகுப்புக்கு.