கலயத்துச் சுண்ணாம்பு செய்யும் வேலை

பெருநகரங்களில் சிற்றாலைகள் காய்ச்சித் தரும் கிராஃப்ட் பீரைப் பற்றி எழுதுவோர், நொதித்தலைக் குளிர்நாட்டார் கண்ட நுண்கலையாகவே விவரிப்பது வழக்கம். இராமநாதபுரம் கடற்கரையில், சாயல்குடியைச் சுற்றியுள்ள பனங்காடுகளில், அதே வேதிவினை மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. பனைநீர் கள்ளாகாமல் பதநீராகவே இருக்க, கலயத்தில் சுண்ணாம்பு தடவி அதைத் தடுத்து நிறுத்துவதே இங்குள்ள கைத்திறன்.

பீருக்கு மூலப்பொருளான பார்லியில் இருப்பது மாவுச்சத்து. சர்க்கரையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டால் அதை நேரடியாக உண்ண இயலாது. ஆகவே தானியத்தை நனைத்து முளைகட்டி, முளையில் உண்டாகும் அமைலேஸ் நொதியைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின்னரே ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். பனைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. சீவிய பாளையிலிருந்து சொட்டும் நீரில் பெரும்பாலும் 10 முதல் 14 விழுக்காடு வரை சுக்ரோஸ் கரைந்தே இருக்கிறது. ஈஸ்ட்டையும் யாரும் இட வேண்டியதில்லை. பாளையின் வெட்டுவாய், அங்கே மொய்க்கும் பூச்சிகள், முந்தைய நாள் நீர் ஒட்டிய கலயம் ஆகியவற்றிலிருந்து அது தானாகவே வந்து சேர்கிறது.

வந்த ஈஸ்ட் முதலில் இன்வர்டேஸ் என்னும் நொதியால் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. பிறகு அவற்றைப் போதை தரும் எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கணக்குப்படி 342 கிராம் சுக்ரோஸிலிருந்து 184 கிராம் எத்தனால் கிடைக்கலாம். உடன் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. நாள் கடந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் எத்தனாலையே காடியாக்கிவிடும். லாகர் வகை பீரைச் சுமார் 10 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். 30 டிகிரியைத் தாண்டும் நம் கோடையிலோ சில மணி நேரத்திலேயே பதநீராக வேண்டியது கள்ளாகிவிடுகிறது.

இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் பனையேறிகள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவுகிறார்கள். சுண்ணாம்பு நன்கு கரைந்த நீரின் கார அமிலக் குறியீடு (pH) 12-ஐத் தாண்டும். அத்தகைய காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடிவதில்லை. அமிலச் சூழலில் நன்கு இயங்கும் இன்வர்டேஸும் முடங்கிப்போகிறது. ஹாப்ஸும் ஒரு காவல்தான், ஆனால் அது லாக்டிக் பாக்டீரியா போன்றவற்றை அடக்கிவிட்டு ஈஸ்ட்டை வேலை செய்ய விடுகிறது. சுண்ணாம்பு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பீருக்கு வேண்டியது வடிகட்டும் காவல், பதநீருக்கு வேண்டியது கதவடைப்பு.

அந்தக் கதவடைப்பும் நிலையானதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவும், தப்பிப் பிழைத்த ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவும் சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிய, காரம் படிப்படியாகக் குறைகிறது. பாக்டீரியாக்களின் அமிலமும் அதைக் கரைத்துவிடுகிறது. காலையில் இறக்கிய பதநீரை நண்பகலில் சாலையோரம் வாங்கும்போது நுரையும் புளிப்பு வாடையும் தென்பட்டால், காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்பைக் கூட்டிவிடுவதும் தீர்வாகாது. அப்போது நாக்கு வெந்து, பனையின் மணமே மறைந்துவிடும். தடவும் அளவைக் கணிப்பதில் பனையேறியின் கை எந்த அளவுமானிக்கும் குறைந்ததன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், இறக்கிய நீர் பதநீராகவே நின்றாக வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. வேதியியல் காரணம் அடுப்பில் தெரியும். நன்கு காக்கப்பட்ட பதநீரைக் காய்ச்சினால் சுக்ரோஸ் சிதையாமல் படிகமாகி, சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி இறுகுகிறது. மிச்சமிருக்கும் காரம் சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான மெய்லார்டு வினையை விரைவுபடுத்தி, அதன் கருநிறத்துக்கும் வாசனைக்கும் துணைசெய்கிறது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பில் நாம் சுவைப்பது அந்த வாசனையைத்தான். புளித்த பதநீரில் சுக்ரோஸ் முன்னமே உடைந்திருப்பதால், எவ்வளவு காய்ச்சினாலும் பாகு பிசுபிசுப்பாகவே நிற்கும். அப்படியே இறுகினாலும் கடற்காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சில நாட்களில் கசிந்துவிடும்.