ஏரியல், ஆன்டெனா, அலைக்கம்பம்

வானொலியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் 'ஒலிபரப்புக் கோபுரம்' என்று எழுதிவிடுவார்கள். தொலைக்காட்சிக்கும் எஃப்எம்முக்கும் அது சரியான சொல்தான். பழைய ஏஎம் (மத்திய அலை) நிலையத்துக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். எஃப்எம் கோபுரம், அலையை அனுப்பும் உறுப்பான ஏரியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏஎம் நிலையத்தில் நிற்கும் இரும்புக் கம்பமோ எதையும் தூக்கிப் பிடிப்பதில்லை. கம்பமேதான் ஏரியல். அப்படியானால் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி வருகிறது. அதற்கு முன் ஏரியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஏரியல் ஆங்கிலத்தில் பெயரடையாகப் பிறந்த சொல். காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்து 'காற்றில் உள்ள', 'உயரத்தில் இருக்கிற' என்ற பொருளைத் தந்தது. கம்பியில்லாத் தந்தி வந்த புதிதில், உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியை 'ஏரியல் வயர்' என்றார்கள். நாளடைவில் வயர் உதிர்ந்துபோக, அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது. பிரிட்டிஷார் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்கர்களுக்கு ஆன்டெனா. சிங்கப்பூர், சென்னை, கொழும்பு மூன்றும் யார் ஆட்சியில் இருந்தன என்று யோசித்தால், நம் பெரியவர்கள் ஏன் ஏரியல் என்றே சொன்னார்கள் என்பது விளங்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது சலவைத்தூளின் பெயர்.

ஆன்டெனா கொஞ்சம் சுற்றி வந்த சொல். லத்தீனில் அது பாய்மரத்தின் குறுக்கே கட்டும் நீண்ட மரம். பாய் அதிலிருந்துதான் தொங்கும். அரிஸ்டாட்டில் பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பைக் கிரேக்கத்தில் கொம்பு என்று பொருள்படும் சொல்லால் குறித்திருந்தார். கப்பலின் குறுக்குமரத்துக்கும் கிரேக்கர்கள் அதே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான் வழங்கினார்கள். 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் நூலை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடோரஸ் காசா, குறுக்குமரத்துக்கான லத்தீன் சொல்லையே பூச்சிக்கும் போட்டுவிட்டார். அப்படித்தான் பூச்சிக்கு ஆன்டெனா முளைத்தது. வானொலிக்கு அது வந்ததற்கு மார்க்கோனியைக் காரணம் சொல்வார்கள். 1895 வாக்கில் அவர் ஒரு நீண்ட கழியில் கம்பியைக் கட்டிச் சோதனை செய்தாராம். கூடாரத்தின் நடுக்கழிக்கு இத்தாலியில் ஆன்டெனா என்று பெயர். ஆக, கப்பலில் தொடங்கி, பூச்சியைத் தொட்டு, கூடாரம் வழியாக வானொலிக்கு வந்திருக்கிறது. பூச்சிக்குத் தமிழில் நாம் 'உணர்கொம்பு' என்று சொல்கிறோம். லத்தீன்காரர்களைத் தாண்டி நேரே அரிஸ்டாட்டிலின் கொம்பையே போய்ப் பிடித்துவிட்டோம், யாரும் திட்டமிடாமலே.

இனி பொருளுக்கு வருவோம். ஏஎம் அலைகள் நீளமானவை. 1000 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் ஓர் அலையின் நீளம் 300 மீட்டர். நன்றாக வேலை செய்யும் கம்பத்தின் உயரம் பொதுவாக அதில் கால் பங்கு, அதாவது 75 மீட்டர். நம் சிங்கப்பூர்க் கணக்கில் ஏறத்தாழ 25 மாடி புளோக். இப்படிப்பட்ட கம்பத்தின் அடிப்பகுதியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் முதலில் நம்ப முடியாது. பல டன் இரும்பும் அடியில் ஒரு பீங்கான் குமிழின்மேல் உட்கார்ந்திருக்கும். கம்பத்துக்கும் தரைக்கும் மின்தொடர்பு கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பக்கத்திலுள்ள சிறிய கொட்டகையிலிருந்து ஒரு தடித்த செப்புக் குழாய் வந்து கம்பத்தின் காலைத் தொடும். பாட்டும் செய்தியும் அந்த வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. பீங்கானுக்குப் பக்கத்தில் இரண்டு உலோகக் குண்டுகள் சின்ன இடைவெளி விட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மின்னல் விழுந்தால் அந்த இடைவெளியில் பொறி பறந்து மண்ணுக்குள் போய்விடும், பீங்கான் தப்பிக்கும்.

ஒலிபரப்பு நடக்கும்போது தரையில் நின்றபடி அந்தக் கம்பத்தைத் தொட்டால் கை வெந்துவிடும். அதனால்தான் சுற்றிலும் வேலி. உச்சியில் விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்குக்குக்கூடச் சாதாரண வயர் இழுக்க முடியாது. தரையோடு ஒட்டாத மின்மாற்றி தனியாக வேண்டும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற பாதிதான். மீதிப் பாதி மண்ணுக்கடியில் இருக்கிறது. கம்பத்தின் காலிலிருந்து எல்லாத் திசையிலும் செப்புக் கம்பிகளைப் புதைத்திருப்பார்கள், பெரிய நிலையங்களில் நூற்றுக்கும் மேல். இதனால் ஏஎம் நிலையத்துக்கு மலையைவிட ஈரமான சமவெளி மண் நல்லது. சதுப்பு நிலம் இன்னும் நல்லது. எஃப்எம் நேர்மாறு. அதற்கு நேர்பார்வை வேண்டும், உயரம் வேண்டும், குன்று வேண்டும்.

சிங்கப்பூரின் பழைய வானொலி நிலையம் குன்றில்தான் இருந்தது. 1930களின் நடுவில் உருவான பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் தாம்சன் ரோடு பக்கம் கால்டிகாட் ஹில்லில் நிலையம் கட்டியது. 1937இல் ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதை முறைப்படி திறந்துவைத்தார். நிலையத்தின் அழைப்புக் குறி இசட்எச்எல். 1940இல் அரசாங்கம் கழகத்தை எடுத்துக்கொண்டது. ஒலிபரப்பு டோபி காட்டில் அப்போதுதான் எழும்பியிருந்த கேத்தே கட்டடத்துக்குப் போனது. ஜப்பானியர் காலத்தில் அதே கட்டடத்திலிருந்து சியோனான் (சிங்கப்பூருக்கு ஜப்பானியர் வைத்த பெயர்) வானொலி பேசியது. நேதாஜி 1943 அக்டோபர் 21ஆம் தேதி தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும் அங்குள்ள அரங்கில்தான்.

ஏரியல் என்ற சொல் இங்கே பயத்தோடு உச்சரிக்கப்பட்டிருந்தால் அது அந்த மூன்றரை ஆண்டுகளில்தான் இருக்கும். வீட்டு வானொலிகளில் சிற்றலை (ஷார்ட் வேவ்) எடுக்காதபடி செய்யச் சொல்லி ஜப்பானியர் உத்தரவு போட்டார்கள். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டு மாட்டினால் சித்திரவதை, சில நேரம் உயிரே போய்விடும். சாங்கி சிறையில் இருந்தவர்கள் ரகசியமாகப் பெட்டி செய்து கேட்டார்கள். 1943 அக்டோபர் 10ஆம் தேதி நடந்த சோதனையில் பெட்டிகள் அகப்பட்டன. அதைத் தொடர்ந்து 57 பேர் கைதானார்கள், 15 பேர் இறந்தார்கள். பெட்டியையாவது துண்டு துண்டாகப் பிரித்து ஒளித்துவிடலாம். சிற்றலைக்கு வேண்டிய நீளக் கம்பியை எங்கே ஒளிப்பது? சுவரோரம் போகும் ஒரு கம்பிகூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

போருக்குப் பிறகு, 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ரேடியோ மலாயா தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீன மொழிகளோடு தமிழும் அதில் உண்டு. 1959இல் ரேடியோ சிங்கப்பூர் தனியாகப் பிரிந்தது. 1963இல் தொலைக்காட்சி வந்தது. அதோடுதான் கூரையில் மீன்முள் மாதிரி ஒன்று முளைத்தது. அதற்கு ஆன்டெனா என்று பெயர் நிலைத்தது. ஏரியல் வானொலிக்கு, ஆன்டெனா டிவிக்கு என்ற பாகுபாடு எந்த அகராதியிலும் இல்லை. ஆனாலும் வீடுகளில் பலர் அப்படித்தான் பிரித்து வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிரான்சிஸ்டரில் பாட்டு சரியாக வராவிட்டால் மேலே உள்ள குச்சியை முழுக்க இழுத்துவிட்டு அப்படியும் இப்படியும் ஆட்டுவோம் இல்லையா, ஏஎம் கேட்கும்போது அந்தக் குச்சிக்கு வேலையே கிடையாது. அது எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும் உள்ளது. ஏஎம்முக்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே, செப்புக்கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சியாகப் படுத்திருக்கும். பெட்டியையே திருப்பி வைக்க வேண்டும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தாத்தாக்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள்.

ஏஎம் என்பதைப் பாடநூல்கள் 'வீச்சுப் பண்பேற்றம்' என்கின்றன. அலையின் வீச்சை, அதாவது எழும்பும் அளவை, குரலுக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பது. எஃப்எம்மில் வீச்சு அப்படியே இருக்க, அதிர்வெண் மட்டும் மாறும். இரண்டுமே பண்பேற்றம்தான். ஆனால் எஃப்எம்முக்கு மட்டும் 'பண்பலை' என்று பெயர் வைத்துவிட்டோம். ஏஎம் என்ன பண்பில்லாத அலையா? சரி, வழக்கு ஏற்பட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது.

சிங்கப்பூரில் ஏஎம் நிலைக்காமல் போனதற்கு அந்த வீச்சே ஒரு காரணம். மின்னல் வெட்டும்போது வருகிற இரைச்சலும் அலையின் வீச்சில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற தீவு இது. மத்தியான மழையில் செய்தி கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு மறந்திருக்காது. போதாததற்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பும் ஏஎம் அலையைப் பாதி விழுங்கிவிடும். ஏஎம்மின் பெரிய பலம் தூரம். பகலில் நிலத்தை ஒட்டி வெகுதூரம் போகும். பொழுது சாய்ந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, கடல் கடந்தும் கேட்கும். ஆனால் கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் மட்டுமே உள்ள நாட்டுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? 1967இல் எஃப்எம் வந்தது. குன்றில் ஒரு கோபுரம் நட்டால் தீவு முழுக்கத் துல்லியமாகக் கேட்டது. நம் தமிழ் ஒலிபரப்பும் அந்தப் பக்கம் நகர்ந்து, கடைசியில் அலைவரிசை எண்ணையே பெயரோடு சேர்த்துக்கொண்டு 'ஒலி 96.8' ஆனது.

அந்தக் கோபுரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் புக்கிட் பாத்தோக் குன்றுக்குப் போகலாம். நேரே மேலேறும் நீண்ட படிக்கட்டு, போரில் இறந்தவர்களுக்காக ஜப்பானியர் எழுப்பிய நினைவுச் சின்னத்துக்குப் போட்டது. சின்னம் இப்போது இல்லை. படிகள் முடிகிற இடத்தில் வேலியும், வேலிக்குள் ஒலிபரப்புக் கோபுரமும்தான். அதைக் கோபுரம் என்று எழுதுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கிராஞ்சியில், துருத் டிராக் பக்கம் பிபிசியின் தூரகிழக்கு நிலையம் இருந்தது. ஜொகூரின் தெப்ராவிலிருந்து 1979இல் இடம்மாறி வந்து 2023 ஜூலைவரை இயங்கிய அது சிற்றலை நிலையம். அங்கே இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் கம்பிகளைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏரியல் அந்தத் திரை, கோபுரம் அதைத் தாங்குவது. ஆகவே அங்கும் கோபுரமே சரி.

ஏஎம் கம்பத்துக்கு என்ன சொல்வது? 'அலைவாங்கி' என்ற சொல்லைப் பலர் எழுதுகிறார்கள். வீட்டுக் கூரையில் இருப்பதற்கு அது அழகான பெயர், அலையை வாங்குகிறது. நிலையத்தில் நிற்பது அலையைக் கொடுக்கிறது. அதைப் போய் வாங்கி என்பது பொருந்தவில்லை. 'உணர்கொம்பு' பூச்சியோடு இருக்கட்டும். 'வானலைக் கம்பி' கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் 75 மீட்டர் இரும்பைக் கம்பி என்று அழைக்க மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் இதற்குக் கப்பல் பாய்மரத்தின் பெயரான 'மாஸ்ட்' என்பதையே வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் போனால் நமக்கும் சங்கத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கூம்பு. புறநானூற்றின் 30ஆம் பாட்டில், கூம்பும் பாயும் களையாமலே புகாருக்குள் நுழைகிற பெரிய கப்பல் வருகிறது. ஆசைதான். ஆனால் இன்று கூம்பு என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடத்தில் வரும் ஐஸ்கிரீம் கோன் வடிவம். மீட்டெடுக்க முடியாத அளவுக்கு அந்தச் சொல் கைமாறிவிட்டது.

மிஞ்சுவது 'அலைக்கம்பம்'. கம்பம் வடமொழி வழியாக வந்தது என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொடிக்கம்பமும் விளக்குக்கம்பமும் நம் வாயில் இருக்கும்வரை எனக்கு அதில் வருத்தமில்லை. மெலிந்த, நேரான, தனியாக நிற்கும் பொருள் என்பது சொல்லும்போதே தெரிகிறது. அலையை வாங்குவதா, கொடுப்பதா என்ற சிக்கலும் அதில் இல்லை. கோபுரம் என்றால் நம் கண்முன் வருவது சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்; அடுக்கடுக்காக, அடியில் அகன்று, கீழே வாசலோடு நிற்பது. ஒற்றைப் பீங்கான் குமிழில் நிற்கும் இரும்புக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பெரிது.

ஒட்டுப்போட்ட சொற்கள் எப்படியெல்லாம் திரியும் என்பதற்குக் கைப்பேசியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் 'டவர் கிடைக்கல' என்பார். கோபுரம் எங்கேயும் போய்விடவில்லை, அலைதான் எட்டவில்லை. ஆனாலும் பழி கோபுரத்தின்மேல். இங்கேயே வளர்ந்தவர் அதையே 'லைன் இல்ல' என்பார். கம்பியே இல்லாத பேசியில் கம்பி இல்லை என்று புகார். எம்ஆர்டி ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டையும் கேட்கலாம்.